எந்த ஊரு கரி, யாரு வூட்டுக் களி?

வாடா பேராண்டி, வா. இப்பிடித் திண்ணையில குந்து. உள்ள போவாத, உங்க ஆயா இப்பதான் தர மெழுவி இருக்கா. காலடி பட்டா உனக்கும் திட்டு, உன்னப் பெத்தவளுக்கும் திட்டு. மல்லாட்ட வேவுது. அது வெந்து வர்ற வரைக்கும் உன் படிப்பக் கொறிப்பம்.

பாறைக்கு ஜுரம் பாக்குற படிப்பாமே? உங்கம்மா தெரு பூராவும் சொல்லிட்டு வந்துட்டா. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி மண்ணுக்குள்ள எவ்வளவு சூடு இருந்துச்சின்னு எம்புள்ள கண்டுபுடிக்கிறான்னு ஒரே பெருமை. நல்லது. முந்தாநாளு ராத்திரி எனக்கு அடிச்ச காய்ச்சலு எத்தன டிகிரின்னு இந்த ஊர்ல ஒருத்தனாலயும் சொல்ல முடியல. நான் பாறையாப் பொறந்திருக்கணும்.

என்னது போன்ல காட்டுற? இரு, கண்ணாடியப் போட்டுக்கறன். ம்… சாம்பக் கலரு. நடுவுல கருப்பா ஒரு கோடு, ஓரத்துல வெள்ளையா ஒரு கிறுக்கலு. ஐப்பசி மாசத்து வானம் மாதிரி இருக்கு. அந்த சாம்பக் கலருதான் விட்ரினைட்டா? பழங்காலத்து மரக்கட்ட மக்கி அழுந்திக் கரியானதா? சரி. அந்தக் கருப்பு? இலைத்தோலு, மகரந்தம், பாசி… எண்ணெப் பிசுக்கு உள்ள சாதி. அந்த வெள்ளை? புதையறதுக்கு முன்னாடியே காட்டுத்தீயில வெந்து போனது. ஆவ, வெந்தவன் சாட்சிக்கு ஆவ மாட்டான், கொழுத்தவனும் ஆவ மாட்டான். நடுவுல சாம்பலா நிக்கறவனத்தான் கூண்டுல ஏத்துற. நம்ம ஊரு பஞ்சாயத்தும் அப்பிடித்தான்.

கீழ என்னமோ எழுதியிருக்கு. ஆர்ஓ 0.59. ஆர்ஓன்னா நம்ம வூட்டு செவுத்துல மாட்டியிருக்கற தண்ணி மிசினு இல்லியா? அதுல எப்பிடிடா ஜுரம் பாக்கறது? கோவிச்சிக்காத, சும்மா கேட்டன். போன பொங்கலுக்கு நீ இந்தத் திண்ணையில குந்தி சத்தம் போட்டு வாசிச்சப்ப நான் கண்ண மூடிக்கிட்டுதான் இருந்தன். காத மூடல. கரித் துகளப் பிசின்ல பதிச்சி, கண்ணாடி மாதிரி மெருவேத்தி, மேல ஒரு சொட்டு எண்ணெ வுட்டு, மைக்ராஸ்கோப்புல வச்சி, பச்ச வெளிச்சம் அடிக்கிற. நூறு பங்கு வெளிச்சம் போனா எத்தன பங்கு திரும்பி வருதுன்னு அளக்கற, அதுதான் உன் ஆர்ஓ. சூடு ஏற ஏறக் கரி பளபளப்பாவும், திரும்பி வர்ற வெளிச்சமும் கூடும். நம்ம நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அரை பங்கு கூடத் திருப்பிக் குடுக்காது. நெய்வேலிக் கரி பச்சப்புள்ள, பாதி ஒடம்பு தண்ணி. மேல கெடக்கற மண்ண வழிச்சாத் தெரியிற ஆழத்துலயே படுத்திருக்கு. ஆழமாப் போயி அடுப்பு பக்கம் எட்டிப் பாத்ததே கெடயாது. நல்லா வெந்த ஆந்த்ரசைட்டு ரெண்டரை, மூணுன்னு திருப்பி அடிக்கும். எல்லாம் நீ வாசிச்சதுதான். சரியாச் சொல்றனா?

இதுல எனக்குப் புடிச்சது ஒண்ணு இருக்கு. கரி ஒரு தடவ ஏறுன சூட்ட மறக்காது. பின்னாடி நெலம் மேல தூக்கி, மேல்மண்ணு கரைஞ்சி, ஊரே குளுந்து போனாலும், எனக்கு ஒரு காலத்துல 110 டிகிரி அடிச்சிதுன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கும். உங்க ஆயா மாதிரி. 1974ல எங்க அக்கா சொன்ன ஒரு வார்த்தை இன்னிக்கும் சூடு குறையாம இருக்கு. அதுக்கு அப்பறம் அவுங்க குடுத்த பொடவ, வளையலு, பலாப்பழம் ஒண்ணும் கணக்குல வரல. கரிக்குத் தெரிஞ்சது உச்சம் மட்டுந்தான்.

அது கெடக்கட்டும். அந்த 0.59 எப்பிடி வந்துச்சி, அதச் சொல்லு.

காவிரிப் படுகையில ஒரு எண்ணெக் கெணத்துலேர்ந்து வந்த பொடி. ரெண்டாயிரத்து நானூறு மீட்டர் ஆழம். அறுவது துகளு அளந்த. அதுல 38 துகளு 0.74 பக்கமா குந்தியிருக்கு. மிச்சம் 22 துகளு 0.33 பக்கமா குந்தியிருக்கு. நீ எல்லாத்தையும் கூட்டி அறுவதால வகுத்து 0.59ன்னு எழுதிட்ட. வாத்தியாரும் ஒண்ணும் சொல்லல. அடேங்கப்பா. உங்க ஆயாவுக்கு வயசு 70, உங்கக்கா பொண்ணுக்கு 2. கூட்டி வகுத்தா 36. நல்ல எடத்துலேர்ந்து பொண்ணு பாக்க வரச் சொல்லட்டுமா?

சிரிக்காத. நானும் ஒரு தடவ அப்பிடித்தான் மாட்டிக்கிட்டன். கேட்டுக்க.

விருத்தாசலத்துல பீங்கான் சூளையில நெருப்பு பாக்குற வேலை எனக்கு. ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, கரண்டு கம்பத்துப் பீங்கான் எல்லாம் வெந்து வரும். இப்ப மாதிரி பொட்டியத் தட்டுனா நம்பரு வர்ற காலம் இல்ல. கோன் வைப்பம். சுண்டுவிரலு ஒசரத்துக்கு முக்கோணக் கூம்பு. களியும் ஃபெல்ஸ்பாரும் மணலும் கணக்கா சேத்துப் புடிச்சது. 1886ல பெர்லின்ல செகர்னு ஒருத்தரு கண்டுபுடிச்ச வித்த. ஏழாம் நம்பரு, எட்டாம் நம்பரு, ஒம்பதாம் நம்பரு, மூணையும் ஒரு களிக்கட்டையில வரிசையா நட்டு ஓட்டைக்கு நேரா வச்சிருவம். எட்டாம் நம்பரு 1250 டிகிரிக்குத் தலை குனியும். நீலக் கண்ணாடியக் கண்ணுல புடிச்சி ஓட்டையில பாக்கணும். உள்ள எல்லாம் ஒரே வெளிச்சம், ஜாடி எது செவுரு எதுன்னு தெரியாது. அந்த வெளிச்சத்துக்குள்ள கோன் மட்டும் மெல்லிசா ஒரு கோடு மாதிரி நிக்கும். மொதல்ல நுனி மழுங்கும். அப்பறம் கும்புடு போடறாப்புல வளையும். எட்டாம் நம்பரு மூக்கு தரையத் தொட்டா பர்னர அணைக்கணும்.

1979, மார்கழி. ராத்திரி ரெண்டு மணி. ஓட்டையில பாத்தன், எட்டாம் நம்பரு நல்லா சாஷ்டாங்கமா விழுந்து கெடக்கு. இன்னிக்கி சீக்கிரமே வந்துட்டாரு நம்ம ஆளுன்னு சந்தோசமா அணைச்சிட்டுத் தூங்கப் போயிட்டன். ரெண்டு நாளு ஆறவச்சிக் கதவத் தொறந்தா, நானூறு ஜாடி. மேல் பூச்சு மினுக்கலு இல்லாம மாவு பூசுனாப்புல இருக்கு. தட்டுனா டங்குன்னு கேக்கணும், பொத்துன்னு கேக்குது. என்னடா சமாச்சாரம்னு உள்ள பூந்து பாத்தா, நான் பாத்த கோனு போன தடவ சூளையில வச்சது. தட்டுலேர்ந்து எடுக்காம வுட்டுட்டன். புதுக் கோனு அதுக்குப் பின்னாடி மறஞ்சி, கல்யாணப் பையனாட்டம் வெறப்பா நிக்குது. போன மாசத்து நெருப்புக்குக் குனிஞ்சவன் இந்த மாசத்து நெருப்புக்கு சாட்சி சொல்லிட்டான். கோன் மேல ஒரு தப்பும் இல்ல. அது பொய் சொல்லல. நான்தான் நீ எந்த சூளைக்காரன்னு கேக்கல.

மொதலாளி ஒண்ணும் பேசல. நானூறுல ஒரு ஜாடிய மட்டும் எங் கையில குடுத்து, வூட்டுக்கு எடுத்துட்டுப் போ, உம் பொண்டாட்டி தெனமும் காட்டுவாள்னாரு. அந்த மனுசன் மனசு படிச்சவரு.

அதனாலதான் சொல்றன். நம்ம திண்ணைக்கு ஆரு வந்தாலும் நான் மொதல்ல என்ன கேப்பன்? எந்த ஊரு, ஆரு வூட்டுப் புள்ளன்னுதான? நீ கூட வெக்கப்பட்டு, ஏன் தாத்தா எல்லாரையும் இப்பிடித் தொளைக்கறன்னு கேட்ட. உன் துகளையும் அப்பிடித்தான்டா தொளைக்கணும். உனக்கு எத்தன டிகிரின்னு பின்னாடி கேட்டுக்கலாம். எந்த ஊருன்னு மொதல்ல கேளு. வண்டல் பாறையில கெடக்கற கரித் துகளு அங்கியேதான் பொறந்ததுன்னு என்ன நிச்சயம்? மலையில ஏற்கெனவே ஆழத்துல வெந்து, மேல வந்து, ஆறு அரிச்சிக்கிட்டு வந்து போட்ட பழைய துகளா இருக்கலாம். அது எம் போன மாசத்துக் கோன். கூட நம்பரு காட்டும். இல்ல, கெணறு தோண்டறப்ப மேல் அடுக்குலேர்ந்து இடிஞ்சி கீழ விழுந்த துகளா இருக்கலாம். அது வேவாத பய, கொறச்சிக் காட்டும். ரெண்டும் உண்மையத்தான் சொல்லும், அதது ஊரு உண்மைய.

ஆயா, இன்னும் வேவலியா? உப்பு போட்டியா?… போட்டுட்டாளாம்.

இந்த 0.59க்கும் 0.74க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு உங்க வாத்தியாரு நெனச்சிருப்பாரு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்ட வறுக்கற கொட்டாய்க்கு நீ வந்திருக்கியா? சின்னதுல கூட்டிட்டுப் போயிருக்கன், பொகைக்கு அழுத. கொட்டைய இரும்பு டிரம்முல போட்டு சுத்துவாங்க. சூடு பத்தலன்னா தோலுக்குள்ள இருக்கற எண்ணெ வெளிய வராது, ஒடைக்கற பொம்பளைங்க கை வெந்து போவும். சூடு சரியா இருந்தா தோலு எண்ணெயக் கக்கும். சூடு ஏறிப் போச்சின்னா கக்குன எண்ணெயே பத்திக்கிட்டு பொகையாப் போவும், பருப்பும் தீஞ்சிரும். பாறைக்கும் அதே பக்குவந்தான். உங்க கணக்குல 0.6 வரைக்கும் பச்சக் கொட்ட. 0.6லேர்ந்து 1.3 வரைக்கும் எண்ணெ. அதுக்கு மேல போனா வெறும் வாயு. 1915லயே அமெரிக்காவுல டேவிட் வைட்டுன்னு ஒரு மண்ணாராய்ச்சிக்காரரு இதச் சொல்லிட்டாரு. ஒரு பக்கத்துக் கரி ரொம்ப வெந்திருந்தா அந்தப் பக்கம் எண்ணெ தேடி அலையாதீங்கன்னு. கரியப் பாத்து எண்ணெக்கு ஜாதகம் சொன்ன மொத ஜோசியரு.

இப்ப உன் கணக்கப் பாரு. பார்க்கர்னு ஒருத்தரு சூத்திரத்த வச்சி நீ டிகிரி போட்ட இல்ல? 0.59க்கு 93 டிகிரி. 0.74க்கு 111 டிகிரி. 0.33க்கு 46 டிகிரி. 46 டிகிரின்னா சித்திர மாசத்துல நம்ம மொட்டமாடி. மொட்டமாடியையும் அடுப்பையும் கூட்டி வகுத்து, 0.6க்கு ஒரு நூலு கீழ நிப்பாட்டி, இந்தப் பாறை இன்னும் பக்குவத்துக்கு வரலன்னு எழுதிட்ட. நல்ல வேளை, நீ சமையக்காரனா போவல.

சரி, அந்தப் பொம்பள பேரு என்னா? கரிக்குப் பேரு வச்சவ. மேரி ஸ்டோப்ஸ். அவ கதைய வாசிச்சப்பதான் எனக்குத் தூக்கம் சுத்தமாப் போச்சி. 1918ல புருசன் பொண்டாட்டி எப்பிடி இருக்கணும்னு ஒரு புத்தகம் போட்டா, ஊரே ரெண்டு பட்டுப் போச்சி. 1919ல நிலக்கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியிற நாலு வகையப் பிரிச்சிப் பேரு வச்சா. 1921ல லண்டன்ல குடும்பக் கட்டுப்பாட்டு ஆசுபத்திரி தொறந்தா. 1935ல திரும்பக் கரிக்கு வந்து, கல்லுக்கு மினரல் மாதிரி கரிக்கு மெசரல்னு ஒரு வார்த்தையே உண்டாக்குனா. ஒரே பொம்பள கட்டிலையும் பாத்திருக்கா, கரியையும் பாத்திருக்கா. அவளுக்குத் தெரியாததா? ரெண்டுலயும் மேல பாக்க ஒண்ணா கருப்பா இருக்கும், உள்ள பிரிச்சிப் பாத்தா நாலு விதமா இருக்கும். உங்க விட்ரினைட்டுக்கும் வேரு கண்ணாடிதானாம். விட்ரம்னா லத்தீன்ல கண்ணாடி. பீங்கான் மெருகுக்குச் சொந்தக்கார வார்த்தை. அப்பவே நெனச்சன், இது நம்ம சாதி ஜனம்னு.

ஆனா உங்காளுங்களுக்குள்ள ஒரு சண்ட இருக்கு பாரு, அதுல நான் பூந்து தீர்ப்பு சொல்லட்டுமா? கரி வேவறது சூட்டாலயா, நாளாலயா? லோபட்டின்னு ருசியாக்காரரு 1971ல ஒரு கணக்கு குடுத்தாரு. பத்து டிகிரி ஏறுனா வேகம் ரெண்டு மடங்கு, அந்தச் சூட்டுல எத்தன காலம் கெடந்துச்சோ அதோட பெருக்கிக்கன்னு. பார்க்கரு என்ன சொல்றாரு? காலம்லாம் பெருசா ஒண்ணும் பண்ணாது, உச்ச சூடுதான் பேசுதுங்கிறாரு. 1990ல ஸ்வீனியும் பர்ன்ஹாமும் வந்து, ரெண்டும்தான்யா, ஆனா இப்பிடிக் கணக்கு பண்ணணும்னு கம்ப்யூட்டருக்கு ஒரு வாய்ப்பாடு எழுதிக் குடுத்தாங்க. எங் கோனக் கேட்டிருந்தா ஒரு ராத்திரியில முடிஞ்சிருக்கும். அதே கோன, சூட்ட மெதுவா ஏத்துனா இருவது டிகிரி முன்னாடியே குனியும். வெரட்டி ஏத்துனா இருவது டிகிரி தாண்டித்தான் குனியும். அவசரக்காரனுக்குக் கூட சூடு, நிதானக்காரனுக்குக் கொறச்ச சூடு. ஆவ, நாளும் எண்ணிக்கைதான். ஆனா சூட்டுக்கு மாத்தா நாள வச்சி ஏமாத்தலாம்னு நெனைக்காத. நூறு டிகிரியில நூறு வருசம் வச்சாலும் எட்டாம் நம்பரு குனியாது. தீர்ப்பு எழுதிக்க, ஃபீசு வேணாம்.

இப்பக் களிக்கு வா. கரி ஒருத்தன் சொல்றத வச்சி மட்டும் தீர்ப்பு எழுதாத, மண்ணையும் கேளு. இது உன் படிப்புலயே உள்ளதுதான், நீதான் அந்தப் பாடத்தன்னிக்கி சினிமாவுக்குப் போயிட்ட.

நம்ம மேலக் காட்டுக் கரிசல் என்ன பண்ணும்? மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். மாட்டுக் காலு மாட்டுற அளவுக்கு வெடிக்கும். அந்த ஊதற களிக்குப் பேரு ஸ்மெக்டைட்டு. அப்பளக் கட்டு மாதிரி ஏடு ஏடா இருக்கும். ஏட்டுக்கு நடுவுல தண்ணி பூந்து ஒக்காந்துக்கும். இதக் கொண்டு போயி ஆழத்துல பொதச்சி சூடு ஏத்துனா தண்ணி வெளிய ஓடிரும். அந்த எடத்துல பொட்டாசியம் வந்து ஏட்டோட ஏடு பூட்டிரும். அப்பறம் எத்தன மழ பேஞ்சாலும் ஊதாது. அதுக்கு இல்லைட்டுன்னு பேரு. மல்லாட்டைக்கு நாம போடறமே பொட்டாஷு, அதே சரக்குதான். அது எங்கேர்ந்து வருதுன்னு நெனக்கிற? பக்கத்துல கரையிற ஃபெல்ஸ்பாருலேர்ந்து. முப்பது வருசம் என் கோனுக்குள்ளயும் ஜாடி மெருகுக்குள்ளயும் இருந்த ஃபெல்ஸ்பாரு, உன் கெணத்துக்குள்ளயும் கடை வச்சிருக்கு.

இத நல்லாப் பாத்துச் சொன்னது ஜான் ஹோவருன்னு ஒரு அமெரிக்காக்காரரும் அவரு கூட்டாளிங்களும். 1976ல. மெக்சிகோ வளைகுடாக் கரையில ஒரு கெணத்துப் பொடிய மேலேர்ந்து கீழ வரைக்கும் எக்ஸ்ரேயில காட்டுனாங்க. ரெண்டாயிரம் மீட்டர் கிட்ட அந்தக் கலப்புக் களியில இல்லைட்டு ஏடு அஞ்சுல ஒண்ணு. 3,700 மீட்டர் போறப்ப அஞ்சுல நாலு. எறங்க எறங்க மண்ணே சாதி மாறுது பாரு. அதுக்கு மேல சூடு போனா, சுவிட்சர்லாந்து குப்ளரு காட்டுன வழி. எக்ஸ்ரேயில இல்லைட்டு காட்டுற கூரு எத்தன மெல்லிசா இருக்குன்னு அளக்கறது. வெந்தது நல்லா வெந்திருந்தா கூரு ஊசியாவும்.

ஆனா ஒண்ணு. களியும் ஏமாறும். பொட்டாஷு கெடைக்கலன்னா எத்தன சூடு குடுத்தாலும் மாற முடியாம நிக்கும். சீர்வரிச வரலன்னு முகூர்த்தம் தள்ளிப் போற கல்யாணம் மாதிரி. கரி ஏமாறுற விதம் வேற. அந்தக் கருப்பு எண்ணெப் பிசுக்கு சாதி சுத்தி நெறைய இருந்தா, கரி வெந்தும் வேவாதது மாதிரி கொறச்சிக் காட்டும். பணக்கார வூட்டுல வளந்த புள்ளைக்கு வயசு தெரியாது பாரு, அப்பிடி. இதுல என்னா சூட்சுமம்னா, களிக்கு உள்ள கொறை கரிக்கு இல்ல, கரிக்கு உள்ள கொறை களிக்கு இல்ல. ரெண்டு பேரும் சேந்து ஒரே பொய்யச் சொல்றது கஷ்டம். உங்க பெரியப்பனையும் சித்தப்பனையும் தனித்தனியாக் கூப்புட்டுக் கேட்டாத்தான் பம்புசெட்டு மோட்டாரு எங்க போச்சின்னு தெரியும். அது மாதிரி.

ரெண்டும் ஒத்துப் போவலன்னா அதுவும் ஒரு சேதிதான், தூக்கிப் போட்டுராத. வடக்க ஜார்கண்டுல ஜாரியான்னு ஒரு சொரங்க ஊரு. அங்க நிலக்கரிய அறுத்துக்கிட்டு அந்தக் காலத்துல கொழகொழன்னு நெருப்புக் கொழம்பு பூந்து ஒறஞ்சிருக்கு. அந்தக் கொழம்பு தொட்ட எடத்துல கரி அப்பிடியே கோக்கு மாதிரி பொரிஞ்சி கெட்டியாயிடும். அத அந்த ஊரு சொரங்கக்காரங்க ஜாமான்னுதான் சொல்லுவாங்க. கொஞ்சம் தள்ளிப் போனா சாதாக் கரி. அந்த ஜாமாவ அளந்துட்டு இந்தப் படுகையே இப்பிடி வெந்ததுன்னு எழுதுனா என்னாவும்? வேகமா வந்து வேகமாப் போற சூட்டுக்குக் கரி சட்டுன்னு மொகம் மாறும். களி ஆமை, நிதானமாத்தான் மாறும். ஒரு ராத்திரி வந்த விருந்தாளியா, குடி இருக்கற மருமவனான்னு இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத் தெரியும்.

கல்லு ரொம்பப் பழசா இருந்துட்டா கரியே கெடைக்காது. 40 கோடி வருசத்துக்கு முந்தி போனா மரமே இல்ல, மரக்கட்டைக்கு எங்க போறது? அதுக்கும் ஒரு பொம்பளதான் வழி சொன்னா. அனிட்டா எப்ஸ்டைன். வெலாங்கு மீன் சாடையில கடல்ல ஒரு சின்ன உசுரு இருந்துச்சாம், கோனோடாண்டுன்னு. அதோட பல்லு மணல் மணலா சுண்ணாம்புக் கல்லுல கெடைக்கும். அதச் சட்டியில போட்டு வறுத்துப் பாத்தா மஞ்சளு பழுப்பாவுது, பழுப்பு கருப்பாவுது. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நிறத்துக்கு நம்பரு போட்டு, மஞ்சளுன்னா 80 டிகிரிக்குள்ள, கருப்புன்னா 300க்கு மேலன்னு 1977ல எழுதிட்டா. கருவாட வறுத்துப் பாத்தே பக்குவம் சொல்ற உங்க ஆயாவுக்கு இதுக்கு டாக்டரு பட்டம் குடுக்கலாம். என்ன ஆயா? …கரண்டி எடுக்கறா. நான் நல்லதாத்தான சொன்னன்?

சரி, சுத்தி வளச்சது போதும். உன் 22 துகளுக்கு வருவம். 0.33. இடிஞ்சி விழுந்த மேல் அடுக்கா? இருக்கலாம். ஆனா நான் ஒண்ணு கேக்கறன். எண்ணெக் கெணறு தோண்டறப்ப குழிக்குள்ள ஒரு சேறு வுடுவாங்களே, துளைக்கற இரும்பு சூடாவாம இருக்க, பொடிய மேல தூக்கிக்கிட்டு வர, செவுரு இடியாம இருக்க. அந்தச் சேத்துல என்னென்ன போடுவாங்க? பெண்டோனைட்டு. அதுவும் ஊதற களிதான், உன் களிக் கணக்குக்கே அது ஒரு வில்லன். அப்பறம் பாரைட்டு. அப்பறம்? சேறு கெட்டியாவாம தண்ணியா ஓடறதுக்கு என்னமோ கருப்பா ஒரு பொடி போடுவாங்க பாரு. நம்ம பக்கத்து வூட்டு ராமுப் பய துளைப்பு வண்டியில வேல பாத்தான் இல்ல, தீவாளிக்கு வந்தப்ப சொன்னான். மூட்ட மூட்டயாக் கொட்டுவமுன்னான். என்னா பொடிடா அதுன்னன். சிரிச்சிக்கிட்டே, நம்ம ஊரு சரக்குதான் தாத்தா, லிக்னைட்டு, பழுப்புக் கரிதான்னான்.

முழிக்கறியே. பழுப்பு நிலக்கரியோட ஆர்ஓ எவ்வளவுன்னு எனக்கு வாசிச்சிக் காட்டுனது ஆரு?

இப்பவே போன் போடாத, ராத்திரி எட்டு மணிக்கு எந்த வாத்தியாரும் நல்ல கோவத்துலதான் இருப்பாரு. காலையில கெணத்துச் சேத்துக் கணக்கு எழுதுன நோட்டக் கேட்டு வாங்கு. எந்த ஆழத்துல என்ன மூட்ட பிரிச்சாங்கன்னு நாளு போட்டு எழுதியிருப்பாங்க. அதப் பாத்துட்டு, அந்த 22 பேரையும் மைக்ராஸ்கோப்புல இன்னொரு தடவ ஒக்கார வச்சிப் பாரு. பாறையோட பொறந்தவன் பாறையோட ஒட்டிக்கிட்டு இருப்பான். மூட்டையில வந்தவன் தனியா சுத்திக்கிட்டு இருப்பான். அவுங்கள வெளிய அனுப்பிட்டு, 38 பேரு சொல்றத எழுது. 111 டிகிரி. அப்பறம் களிய எக்ஸ்ரேயில காட்டி அவனும் ஒத்துக்கறானான்னு பாரு. பெண்டோனைட்டு மூட்டையக் கழிச்சிட்டு.

எங்க போற? உக்காரு, மல்லாட்ட வந்துடுச்சி. சுடுது, ஊதித் தின்னு. அந்தக் கல்லுப்பு ஜாடிய இப்பிடித் தள்ளு, கொஞ்சம் தூவிக்கறன், ஆயா போட்டது பத்தல… என்னா, கை ஈரமாவுதா? மழ வாட அடிச்சா அது அப்பிடித்தான். 1979லேர்ந்து வேர்த்துக்கிட்டுதான் இருக்கு. அடியில தடவிப் பாரு, வெளிப்பக்கம் உப்பு பூத்திருக்கும். உங்க ஆயா அத மட்டும் தொடைக்கவே மாட்டா.